அந்தத் தாளை அடுத்த முறை வாசிப்பதற்கு முன்

ரொறன்ரோ பெரும்பாகத்திலுள்ள தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

கடந்த தை மாதம் மரபுத் திங்கள் விழா ஒன்றில் நில ஒப்புகையை, அதாவது நாம் நிற்கும் நிலம் எந்த மக்களுக்குரியது என்று சொல்லும் குறிப்பை, வாசிக்கும் பொறுப்பு திடீரென்று என் தலையில் விழுந்தது. வாசிக்க வேண்டியவர் வரவில்லை. "அக்கா, ரெண்டு நிமிசந்தான், இதை ஒருக்கா வாசிச்சு விடுங்கோ" என்று ஒரு தம்பி தாளைக் கையில் தந்துவிட்டு ஓடினார். பலமுறை பிரதி எடுத்து எழுத்து மங்கிப்போன ஆங்கிலத் தாள். அதன் ஓரத்தில் யாரோ பென்சிலால் தமிழில் எழுதியிருந்தார்கள்: "ஹோ-டெ-னொ-ஷோ-னி". எனக்கு முன்பு வாசித்த ஒருவர், ஆறு தேசங்களின் கூட்டமைப்பான அந்த மக்களின் பெயரைப் பிழையாகச் சொல்லிவிடக்கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார். அவர் யாரென்று தெரியாது. ஆனால் அந்த அக்கறை என்னைத் தொட்டது.

வாசித்தேன். எழுந்து நிற்பதா, இருந்தபடியே கேட்பதா என்று பலருக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் கதை நடந்துகொண்டிருந்தது. முடித்ததும் கைதட்டினார்கள். அடுத்தது அகவணக்கம். அதுவரை சலசலத்த அதே மண்டபம் ஒரு நொடியில் அடங்கியது. மடியில் இருந்த குழந்தையின் வாயைத் தாய் கையால் மெல்ல மூடியதைப் பார்த்தேன். நிலத்துக்காக மாண்டவர்களை நினைக்கும்போது எப்படி நிற்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சில நிமிடங்களுக்கு முன் நான் வாசித்ததும் நிலத்தை இழந்தவர்களைப் பற்றித்தான். அதற்கு ஏன் அந்த அமைதி வரவில்லை? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் நில ஒப்புகையை நிகழ்ச்சியில் சேர்த்ததே நல்ல மனதோடுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. குறை அந்தத் தாளில் இருப்பதை நாம் அறிந்துகொள்ளாததில் இருக்கிறது.

அதில் "உடன்படிக்கை 13" என்று ஒரு வரி வரும். நமக்குப் பதின்மூன்று என்றால் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தச் சட்டந்தான். 1987இல் வந்தது, காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் இன்றுவரை ஒழுங்காகக் கைக்கு வரவில்லை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இந்த ஊர்ப் பதின்மூன்றின் கதையையும் கேளுங்கள். இதில் ஒரு தற்செயல்: அந்த 1987க்குச் சரியாக இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1787இல், பிரித்தானிய முடியின் அதிகாரிகள் இந்த மண்ணுக்குரிய மிசிசாகா மக்களிடமிருந்து ரொறன்ரோ நிலத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு அந்தக் காணி உறுதியை எடுத்துப் பார்த்தால் அது எழுதப்படாத வெற்றுத்தாள். எங்கிருந்து எங்கே வரை என்று எல்லை ஏதும் இல்லை. தலைவர்களின் குலக்குறிகள் வேறு துண்டுத்தாள்களில் இடப்பட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. இதைச் சரிக்கட்ட 1805இல் இன்னொரு பத்திரம் எழுதினார்கள். நிலம் ஏறத்தாழ 250,000 ஏக்கர். விலை 10 ஷில்லிங். கடைசியில் 2010இல், 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்தக் கோரிக்கையைக் கனடா தீர்த்துக்கொண்டது.

காணி உறுதி என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? இடம்பெயர்ந்து ஓடும்போது நகையை விட்டாலும் உறுதியை விடாமல் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்த அம்மாக்களின் பிள்ளைகள் நாம். வெற்று உறுதியில் ஒட்டிய கையெழுத்து என்று படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

இனி ஸ்காபரோ. நம்மில் பலர் வந்திறங்கிய இந்தப் பகுதி 1923இல் எழுதப்பட்ட வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்குள் வருகிறது. ஏழு மிசிசாகா, சிப்பெவா சமூகங்கள் ஒப்பமிட்டன. நிலத்தோடு வேட்டையாடும் உரிமையும் மீன்பிடிக்கும் உரிமையும் போய்விட்டன என்று அரசு பிறகு வாதிட்டது. மூதாதையர் மீன் பிடித்த ஏரியில் மீன் பிடிப்பது குற்றமாகியது. 2018இல்தான் கனடாவும் ஒன்ராறியோவும் 1.11 பில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு ஒத்துக்கொண்டு, அந்த உரிமைகளையும் ஏற்று, மன்னிப்புக் கேட்டன. இடையில் 95 ஆண்டுகள். ஸ்காபரோ என்ற பெயரும் இந்த மண்ணின் பெயர் அல்ல. 1790களில் இங்கே துணை ஆளுநராக இருந்தவரின் மனைவிக்கு இந்த ஏரிக்கரைப் பாறைகள் இங்கிலாந்தின் யோர்க்ஷயர் கரையை நினைவூட்டின. அதனால் வைத்த பெயர். மணலாறு என்ற நம் ஊர்ப் பெயர் சிங்களத்தில் வெலிஓயா ஆனதை மறக்காத நமக்கு இது புதுக்கதை அல்ல.

லோரன்ஸ் வீதியும் பெல்லமி வீதியும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ரேபர் ஹில் என்ற சிறு மேடு உண்டு. அந்தப் பகுதியில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். நானும் பல ஆண்டுகள் அதைக் கடந்து வேலைக்குப் போனவள்தான். வீடுகளுக்கு நடுவே ஒரு புல்மேடு, அதன் உச்சியில் ஒரு கல், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். 1956இல் அந்த மேட்டை இயந்திரத்தால் வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. 500க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து அடக்கிய, பல நூற்றாண்டுப் பழமையான கல்லறை அது. மாவீரர் துயிலும் இல்லங்களை இடித்து அதன்மேல் இராணுவ முகாம் கட்டினார்கள் என்று இன்றும் வயிறெரிகிற நாம், நம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு துயிலும் இல்லத்தில் ஒரு பூக்கூட வைத்ததில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இங்கே நடந்ததற்கும் நடப்பதற்கும் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் குடியேற்றக் காலனியம். காலனியம் என்றதும் நமக்கு நினைவில் வருவது வேறு கதை. வெள்ளைக்காரன் வந்தான், மலையகத் தமிழரின் முதுகில் தேயிலை வளர்த்தான், 1948இல் கப்பலேறிப் போய்விட்டான். அங்கே அவனுக்குத் தேவைப்பட்டது உழைப்பு. இங்கே வந்தவனுக்குத் தேவைப்பட்டது நிலம். அவன் போகவும் இல்லை. நிலம் வேண்டும், நிலத்துக்கு உரியவர்கள் வேண்டாம் என்றால் அவர்களை இல்லாமல் ஆக்க வேண்டும். கொல்வது ஒரு வழி. அவர்கள் யார் என்பதையே சட்டத்தால் கரைப்பது இன்னொரு வழி. அவுஸ்திரேலிய வரலாற்றாசிரியர் பற்றிக் வுல்ஃப், படையெடுப்பு என்பது என்றோ நடந்து முடிந்த நிகழ்ச்சி அல்ல, தொடர்ந்து இயங்கும் ஒரு கட்டமைப்பு என்று வாதிட்டார். இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் கருத்து இதுதான். கேட்கும்போது கனமாக இருக்கிறது, ஆனால் நமக்கு இதை விளங்கிக்கொள்ளப் பல்கலைக்கழகம் தேவையில்லை. கல்லோயாவில் 1949இல் தொடங்கிய குடியேற்றம் எந்த ஆண்டில் முடிந்தது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தால் கரைப்பது எப்படி? 1876இன் இந்தியன் சட்டம் யார் 'இந்தியர்' என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒட்டாவாவுக்குக் கொடுத்தது. அந்தத் தகுதி இல்லாத ஆணை மணந்த பெண்ணுக்குத் தன் மக்களிடையே இருந்த தகுதியே போய்விடும். 1985 வரை இதுதான் நிலை. 1948இன் குடியுரிமைச் சட்டம் ஒரே வெட்டில் மலையக மக்களை நாடற்றவர்கள் ஆக்கியதை அறிந்தவர்களுக்கு, யார் யார் என்று சொல்லும் பேனா எவ்வளவு கொடியது என்று விளக்க வேண்டியதில்லை. 1927 முதல் 1951 வரை, நிலக் கோரிக்கைக்காகச் சட்டத்தரணியை அமர்த்தப் பணம் சேர்ப்பதே அரசின் அனுமதியின்றிக் குற்றம். குழந்தைகள் விடுதிப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சுமார் 150,000 பிள்ளைகள். தாய்மொழியில் பேசினால் அடி. கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களில், நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்துவிட்ட பிறகு. அதனால் "அது அந்தக் காலம்" என்று நாம் சொல்ல முடியாது.

நீர் விடயத்தையும் சொல்கிறேன். வினிப்பெக் நகரம் 1919இலிருந்து ஷோல் ஏரித் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்க் குடிக்கிறது. அந்த வேலைக்காக வெட்டிய கால்வாயால் ஷோல் லேக் 40 என்ற சமூகம் தீவாகிப்போனது. தண்ணீர் எடுக்கப்பட்ட ஏரிக்கரையிலேயே வாழ்ந்தவர்கள் 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க முடியாத நிலையில் இருந்தார்கள். 24 ஆண்டுகள். வினிப்பெக்கில் நமக்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது.

இனி இறைமை. இந்தச் சொல்லை நாம் சாதாரணமாகப் புழங்குகிறோம். 1985இல் திம்புப் பேச்சுவார்த்தையில் வைத்தது தாயகம், தேசியம், சுயநிர்ணயம் என்ற கோட்பாடுகளைத்தான் என்று தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் இந்த மண்ணுக்குரியவர்களைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் வருவது 'பழங்குடி', 'ஆதிவாசி'. மூத்தவர்கள் சிலர் இன்னும் 'செவ்விந்தியர்' என்கிறார்கள். அவர்கள் தங்களைத் தேசங்கள் என்கிறார்கள். முடியோடு உடன்படிக்கை எழுதியதே தேசத்துக்குத் தேசம் என்ற நிலையில்தான். குடிமகனோடு யாரும் உடன்படிக்கை எழுதுவதில்லை. ஆகவே நாம் 'முதல் தேசங்கள்' என்று சொல்வோம். சொல்லை மாற்றினால் கேட்கும் கேள்வியும் மாறும். பழங்குடி என்றால் அவர்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்று யோசிப்போம். தேசம் என்றால் அவர்களோடு நமக்கு என்ன உறவு என்று கேட்போம்.

ஜெனீவா என்ற பெயரைக் கேட்டால் நம் மனம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு மாசி பங்குனியிலும் பதாகையோடு அங்கே ஐ.நா. முன் நிற்பவர்கள் நாம். நமக்கு முன்பே, 1923இல், ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றங்கரையிலிருந்து டெஸ்காஹே என்ற, ஆறு தேசங்களில் ஒன்றான கயூகாவின் தலைவர் ஹோடெனொஷோனிக் கடவுச்சீட்டில் ஜெனீவா போனார். கனடா தன் மக்களின் சுயாட்சியைப் பறிக்கிறது என்று உலக நாடுகள் சங்கத்திடம் முறையிடப் போனார். அயர்லாந்து, பாரசீகம் முதலிய சில நாடுகள் அவருக்காக எழுந்தன. பிரித்தானியா விடவில்லை. சபையில் பேச இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே கனடா அவர்களின் பாரம்பரியப் பேரவையை அகற்றி, இந்தியன் சட்டத்தின் கீழ் தேர்தல் சபை ஒன்றை வைத்தது. ஜெனீவாவில் நிற்கும் நம் இளையோரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கே ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கடவுச்சீட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2010இல் மான்செஸ்டரில் நடந்த லக்ரோஸ் உலகப் போட்டிக்கு அவர்களின் அணி புறப்பட்டது. லக்ரோஸ் அவர்கள் உலகுக்குக் கொடுத்த விளையாட்டு. பிரித்தானியா அந்தக் கடவுச்சீட்டை ஏற்க மறுத்தது. கனேடியக் கடவுச்சீட்டிலோ அமெரிக்கக் கடவுச்சீட்டிலோ போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை, போட்டியை இழந்தார்கள். கானவாகேயைச் சேர்ந்த மோஹாக் மானிடவியலாளர் ஓட்ரா சிம்சன் இப்படியான செயலை 'மறுப்பு' என்கிறார். அரசிடம் அங்கீகாரம் கேட்டு நிற்காமல், அந்த அரசு தரும் குடியுரிமையே வேண்டாம், எமக்கு எம்முடையது இருக்கிறது என்று சொல்வது. அரசு தரும் அங்கீகாரம் அரசின் விருப்பப்படியே அளந்து தரப்படும், அதை வாங்குபவர் மெல்ல மெல்ல அந்த அளவுக்குள் அடங்கிவிடுவார் என்று டெனே அறிஞர் க்ளென் கூல்தார்ட் எச்சரிக்கிறார். 13ஆவது திருத்தம் தந்த மாகாண சபையைக் கண்ட நமக்கு இதில் புரியாதது என்ன?

சரி, அப்படியானால் இங்கே நாம் யார்? இந்தக் கேள்விதான் கஷ்டமானது. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நம்மவர் 150க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றிய மீனவர்களை ஒவ்வோர் ஆண்டும் நன்றியோடு நினைக்கிறோம். 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரைத் தடுப்பில் வைத்ததையும் நாம் மறக்கவில்லை. நிலம் பிடிக்க வந்தவர்கள் அல்ல நாம், உயிர் தப்பி வந்தவர்கள். குடியேற்றம் என்ற சொல்லை நம் ஊரில் வயிற்றெரிச்சலோடுதான் சொல்வோம். இங்கே வந்ததைக் குடிவரவு என்கிறோம். இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்திருக்கிறது நம் தமிழ். அந்த வித்தியாசம் உண்மையானது. நம்மையும் பிரித்தானிய ஆளுநரையும் ஒரே தட்டில் வைக்க நான் சொல்லவில்லை. ஆனால் நான் வாங்கிய வீட்டின் உறுதியைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால், அது போய் நிற்பது அந்த மக்களின் நிலத்தில்தான். நான் கொடியவள் அல்ல. ஆனால் அந்தக் கட்டமைப்புக்கு வெளியேயும் இல்லை. நம் ஊரிலும் வாகரைப் பக்கத்து வேடர் சமூகத்தைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறோம் என்பதும் இதை எழுதும்போது உறுத்துகிறது.

ஈவ் டக், வெய்ன் யாங் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் எழுதியது இந்த இடத்தில் நம்மைச் சுடும். காலனிய நீக்கம் என்பது ஓர் உவமை அல்ல, நிலமும் அதன் மேலான உரிமையும் திரும்புவதுதான் அது என்றார்கள். மற்றதெல்லாம் குற்றவுணர்விலிருந்து தப்புவதற்கான வழிகளாகிவிடலாம் என்றும் சொன்னார்கள். நம் இரண்டு நிமிட வாசிப்பு அப்படி ஆகிவிட்டதோ என்பதுதான் என் பயம்.

விடுதிப் பாடசாலைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 அழைப்புகளை வெளியிட்டது. கடைசி இரண்டும், 93உம் 94உம், புதிதாக வருபவர்களைப் பற்றியவை. அதாவது நம்மைப் பற்றியவை. அதன் பயனாக 2021 ஜூனிலிருந்து குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்தில், முதல் தேசங்கள், இனுவிட், மெற்றி மக்களின் உடன்படிக்கை உரிமைகளை ஏற்று உறுதிசெய்யும் அரசியலமைப்பு என்ற சொற்கள் சேர்ந்துவிட்டன. அதன் பிறகு குடியுரிமை பெற்ற ஒவ்வொரு தமிழரும் அந்த உடன்படிக்கைகளின் பேரில் சத்தியம் செய்திருக்கிறார். சத்தியம் செய்தது எதற்கு என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது யார்? அரசின் கையேடா? நீங்கள்தான்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். நில ஒப்புகையைத் தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வாசித்தால் அது மேயருக்கும் எம்பிக்கும் வாசித்தது. தமிழில் சொன்னால்தான் நம் அம்மம்மாவுக்குச் சொன்னது. அகவணக்கத்துக்கு முன்பு, மண்டபம் எழுந்து நிற்க, சொல்லுங்கள். எந்த உடன்படிக்கை, எந்த ஆண்டு, என்ன விலை என்பதையும் சொல்லுங்கள். தமிழ்ப் பள்ளிப் பாடத்தில் திம்புவுக்குப் பக்கத்தில் டெஸ்காஹேக்கு ஒரு பக்கம் கொடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை நயாகரா கூட்டிப்போகிறோமே, ஒருமுறை பிரான்ட்ஃபோர்டுக்குக் கூட்டிப்போவோம். அங்கே 1970 வரை இயங்கிய விடுதிப் பாடசாலையின் கட்டடம் இன்னும் நிற்கிறது.

முதல் தேசத்தவரை விழாவுக்கு அழைக்கும்போது ஒரு நடன நிகழ்ச்சிக்கு அழைப்பதுபோல் அழைக்காதீர்கள். மிசிசாகா, சிப்பெவா மக்கள் உட்பட்ட அனிஷினாபே மக்களிடம் பெரியவர் ஒருவரை எதையாவது கேட்கப் போனால் புகையிலை வைத்துக் கேட்பது முறை. நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போலத்தான். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த முறையைக் கற்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? வந்தவருக்குப் பேச மூன்று நிமிடம் கொடுத்து, பிறகு மேடையிலிருந்து சைகை காட்டி நிறுத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அது வேண்டாம்.

இன்னொன்று, இது சிலருக்குக் கசக்கும். 1784இல் கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு, ஏறத்தாழ 950,000 ஏக்கர் நிலம் ஆறு தேசங்களுக்கு என்று பிரித்தானியா எழுதிக்கொடுத்தது. இன்று அவர்கள் கையில் இருப்பது அதில் 5 சதவீதத்துக்கும் குறைவு. கிச்சனர், கேம்பிரிட்ஜ், பிரான்ட்ஃபோர்ட் எல்லாம் அந்த நிலத்தில்தான் நிற்கின்றன. கலிடோனியாவில் 2006இலும் 2020இலும் புதிய வீட்டுத் திட்டங்களை மறித்து அந்த மக்கள் நின்றார்கள். நம் விழா மலர்களில் எத்தனை பக்கம் வீட்டு விற்பனை விளம்பரங்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை இப்படி ஒரு மறியல் நடக்கும்போது "ரோட்டை மறிச்சுப்போட்டினம்" என்ற பேச்சோடு நிறுத்தாமல், யார் நிலம், என்ன வழக்கு என்று நம் வானொலிகளும் பத்திரிகைகளும் தமிழில் விளக்கச் சங்கங்கள் கேட்க வேண்டும். 2009இல் போரை நிறுத்தச் சொல்லி நாமே கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தவர்கள். அன்று இந்த நகரம் நம்மை எப்படித் திட்டியது என்று நினைவிருக்கும்.

ஒட்டாவாவிடம் நமக்கு நடந்ததை இனப்படுகொலை என்று ஏற்கக் கேட்டுப் போகிறோம். போக வேண்டும், நானும் வருவேன். அதே மனுவில், இந்த மண்ணில் செய்த உடன்படிக்கைகளை நிறைவேற்று என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த ஒரு வரிக்காக நம் கோரிக்கை பலவீனமாகிவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். அப்படிப் பலவீனமாகும் கோரிக்கை என்றால் அதில் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது.

தமிழில் ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். ஸ்காபரோவுக்கு ஒன்று, ரொறன்ரோ மேற்குக்கு ஒன்று. பெயர்களின் உச்சரிப்பை அந்தந்தத் தேசத்தவரிடமே கேட்டுத் திருத்த வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். தைப்பொங்கலுக்கு முன் ஒரு கூட்டம் வையுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன். அந்தத் தாளில் பென்சிலால் எழுதியவர் உங்களில் ஒருவராக இருந்தால், அல்லது அவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து அவரையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியை